ராணித் திட்டில் கிடைத்தது

காவிரி வற்றிப்போன அந்தக் கோடையில்தான் எங்களால் முதல்முறையாக ராணித் திட்டுக்கு நடந்தே போக முடிந்தது.

மோகனூருக்கும் பரமத்தி வேலூருக்கும் இடையில், எங்கள் வெற்றிலைக் கொடிக்காலுக்குச் சற்றுக் கீழே, ஆற்றின் நடுவில் கிடந்த தீவு அது. நாணலும் சீமைக்கருவேலமும் மண்டி, கரையிலிருந்து பார்த்தால் உள்ளே என்ன இருக்கிறதென்றே தெரியாது. எந்தப் படைக்கோ பயந்து பரிசலில் தப்பி வந்த ராணி ஒருத்தி ஏழு செப்புக்குடம் நிறையத் தங்கத்தை அங்கே புதைத்துவிட்டுப் போனாள், திரும்பி வரவேயில்லை, குடத்துக்கு ஒன்றாக ஏழு நாகங்கள் காவல் இருக்கின்றன என்பது எங்கள் ஊரில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். எந்த ராணி, எந்தப் படை என்று மட்டும் யாருக்கும் தெரியாது. அதைக் கேட்கிற அளவுக்கு நானும் கெட்டுப்போயிருக்கவில்லை. எனக்கு வயது பத்து.

அந்தச் சமயத்தில் மாமா வந்து சேர்ந்தார். அம்மாவின் தம்பி. ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் லாரியில் வடநாடெல்லாம் சுற்றிவிட்டு, விடுமுறைக்கு வரும்போதெல்லாம் விநோதமாக எதையாவது கொண்டுவருவார். அந்த முறை கொண்டுவந்தது நீளமான கம்பியின் நுனியில் தட்டு வைத்த ஒரு கருவி. மண்ணுக்கடியில் உலோகம் இருந்தால் கத்துமாம். அம்மாவின் சாவிக்கொத்தை வாசல் மணலில் புதைத்துவிட்டு, காதில் மாட்டும் கருவியை என் தலையில் கவிழ்த்து, தேடச் சொன்னார். மூன்றாவது வீச்சில் என் காதுக்குள் சில்வண்டு கத்தியது. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அப்பா நம்பவில்லை.

"பூமிக்குள்ள தண்ணியே இல்லீங்க மாப்ள. நீங்க தங்கம் எடுக்கப் போறீங்களாக்கும்."

"தண்ணி சத்தம் போடாதுங்க மாமா," என்றார் மாமா. "தங்கம் போடும்."

அப்பா சிரித்துவிட்டுப் போய்விட்டார். ஆனால் ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் நாங்கள் கிளம்பியபோது, கடப்பாரையைத் தோளில் வைத்துக்கொண்டு அவரும் வந்தார். "புள்ளைய அங்க தனியா உட முடியுமா," என்று அம்மாவிடம் சொன்னார். அவர் நடந்த வேகத்துக்கு என்னால் ஈடுகொடுக்க முடியவில்லை.

நாகங்களுக்கென்று நான் பள்ளிக்கூட டிபன் டப்பாவில் ஏழு முட்டைகளைத் திருடிக்கொண்டு வந்திருந்தேன். கணுக்கால் தண்ணீரைத் தாண்டித் திட்டில் ஏறும்போதே மூன்று உடைந்துவிட்டன. மிச்சமிருந்த நான்கை ஒரு புதரடியில் வைத்துக் கும்பிட்டேன். மூன்று நாகங்கள் பட்டினி என்பது மட்டும் மனதை உறுத்திக்கொண்டேயிருந்தது.

கருவியை மாமா பிடித்துக்கொண்டார். கேட்கிற வேலை எனக்கு. "எனக்கு ரிக் சத்தத்துல காது மந்தமாயிருச்சு. உங்காதுதான் நமக்கு முதலு அம்மணி," என்றார். அந்தப் பெருமையில் நான் மூச்சுவிடக்கூட யோசித்தேன். முதல் சத்தத்துக்கு ஒரு மாட்டு லாடம் கிடைத்தது. அடுத்து முறிந்த அரிவாள். அப்புறம் சோடா மூடிகள். ராணிக்குப் பின்னாலும் யாரோ அங்கே வந்திருக்கிறார்கள். வெயில் ஏறியது. தட்டு திட்டின் தலைப்பக்கம், மருதமர வேர்களுக்கு அருகே போனபோது என் காதுக்குள் நூறு சில்வண்டுகள் ஒரேயடியாகக் கத்தின. நான் அலறியதில் கொக்குகள் பறந்துபோயின.

"தோண்டுங்க மாமா," என்றார் மாமா அப்பாவிடம்.

இருவரும் மாறிமாறித் தோண்டினார்கள். நான் கொட்டாங்குச்சியால் மணலை அள்ளி வீசினேன். பள்ளம் அப்பாவின் இடுப்புக்கு வந்தபோது கடப்பாரை எதிலோ பட்டு டங்கென்றது. மணலை விலக்கியதும் உருண்டையாக ஒரு விளிம்பு தெரிந்தது. "குடம்," என்று மாமா முணுமுணுத்தார். எனக்கு ஒரு சைக்கிள், அம்மாவுக்கு ஒட்டியாணம், வகுப்புக்கே தேன்மிட்டாய் என்று நான் அதற்குள் முதல் குடத்தைக் காலிசெய்துவிட்டேன்.

இன்னும் ஒரு சாண் விலக்கியதும் அது குடமில்லை என்று தெரிந்தது. துருவேறிய தண்ணீர் மோட்டார். அதன் தலையில் வெல்டிங் வைத்து ஓர் எழுத்து பொறித்திருந்தது. எங்கள் தாத்தா பெயரின் முதல் எழுத்து.

சித்தப்பாவைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். அப்பாவின் ஒரே தம்பி. அடுத்த தெருவில்தான் வீடு. எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து இருவரும் பேசியதில்லை. எதிரெதிரே வந்தால் யாராவது ஒருவர் செருப்பைச் சரிசெய்யக் குனிவார்கள். அண்ணன் தம்பி என்றால் அப்படித்தான் போலும் என்றிருந்தேன். நான் பிறப்பதற்கு முந்திய வெள்ளத்தில் ஆற்றோரம் இருந்த எங்கள் குடும்ப மோட்டாரைக் காணவில்லை. சங்கிலி போட்டுப் பனைமரத்தோடு கட்டிவிட்டுத்தான் வந்தேன் என்று சித்தப்பா சொல்லியிருக்கிறார். மரம் நின்றது, மோட்டாரும் இல்லை, சங்கிலியும் இல்லை. அந்த வாரமே சித்தப்பா பழைய பைக் ஒன்று வாங்கியிருந்தார். மோட்டாரை விற்றுத்தான் வாங்கினான் என்று அப்பா முடிவுகட்டிவிட்டார்.

இப்போது அப்பா கடப்பாரையை எறிந்துவிட்டுக் கையாலேயே மணலைப் பறித்தார். மோட்டாரின் இடுப்பில் சங்கிலி சுற்றியிருந்தது. ஒரு நுனி அறுந்து தொங்கியது. சுற்றுகளைச் சுட்டுவிரலால் தடவி எண்ணினார். பிறகு பள்ளத்திலேயே உட்கார்ந்துகொண்டார்.

"மூணு சுத்துன்னான்," என்றார் யாரிடமோ. "மூணு சுத்துச் சுத்திக் கட்டுனேன்னு சொன்னான்."

மாமா என் காதிலிருந்த கருவியைக் கழற்றினார்.

மோட்டாரைக் கடப்பாரையில் கோத்து இருவரும் தோளில் தூக்கினார்கள். போனது எங்கள் வீட்டுக்கு அல்ல. நான் அதுவரை நுழைந்தேயிராத வீட்டு வாசலில் அதை இறக்கினார்கள். சாப்பிட்டுக்கொண்டிருந்த சித்தப்பா சோற்றுக்கையோடு எழுந்து வந்தார்.

"சங்கிலி மூணு சுத்து இருக்குதுடா," என்றார் அப்பா.

சித்தப்பா மோட்டாரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நான் அன்னைக்கே சொன்னனுங்கண்ணா," என்றார் மெதுவாக. அப்புறம், "வெயில்ல நிக்காதீங்க. உள்ள வாங்க, சாப்புடலாம்."

சித்தி மூன்று இலை போட்டாள். அப்பா தலை குனிந்தபடி சோற்றைப் பிசைந்துகொண்டேயிருந்தார். கண்ணீர் இலையில் சொட்டியது. ஏழு குடமும் கிடைக்காத துக்கம் எனக்கும் இருந்தது.

"அழுவாதீங்கப்பா," என்றேன். "அடுத்த ஞாயித்துக்கெழம அந்தப் பக்கம் தோண்டலாம்."

எல்லோரும் சிரித்துவிட்டார்கள், அப்பாவும்தான். சித்தப்பா மட்டும் கை கழுவுகிறேன் என்று பின்கட்டுக்குப் போனார். தொட்டித் தண்ணீரை மொண்டு ஊற்றும் சத்தம் நாங்கள் சாப்பிட்டு முடிக்கும்வரை கேட்டுக்கொண்டேயிருந்தது. ஒரு கை சோற்றைக் கழுவ இவ்வளவு நேரமா, அதுவும் இந்தத் தண்ணீர்ப் பஞ்சத்தில் என்று நினைத்துக்கொண்டேன்.