ஐம்பத்து நான்கு வகுத்தல்கள்

காலை ஆறு பத்து. முதலில் கண்ணில் பட்டது, மணலில் சாக்கு விரித்துப் படுக்க வைத்திருந்த புது எஞ்சின். அதன் இரு பக்கமும், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், என் தங்கை கணவரும் அவரோடு படகில் சரிபாதிப் பங்கு வைத்திருக்கும் கூட்டாளியும். செங்கல்பட்டில் இரவுப் பத்திரிகை வேலை முடித்து, முதல் பஸ் பிடித்து மாமல்லபுரத்துக்குத் தெற்கே தங்கை வாழும் குப்பத்துக்கு வந்திருந்தேன்.

எஞ்சின் தகட்டில் இருந்த எண் 65537.

"கூட்டிப் பாரு அண்ணாத்த. இருபத்தாறு. ரெண்டும் ஆறும் எட்டு," என்றார் கூட்டாளி. "எட்டு இன்னா பண்ணும்? பாதி நாலு, அதுல பாதி ரெண்டு. ஒடஞ்சிகினே போவும். எங்க கூட்டும் அப்டிதான் ஒடயும்."

"ஒடயப்போறது உன் வாயிதான்," என்றார் தங்கை கணவர். "வேற எஞ்சின் வர மூணு வாரம் ஆவும். அதுவரிக்கும் மணல எண்ணிகினு கீறதா?"

பழைய எஞ்சின் செத்துவிட்டது. புதியதைக் கடைக்குத் திருப்பி அனுப்புவதென்றால் அன்றே அனுப்ப வேண்டும்.

"உடைவது எட்டு. தகட்டில் இருப்பது உடைகிறதா என்று பார்ப்போம்," என்றேன்.

"ஒடஞ்சா திருப்பி வண்டில ஏத்திடணும்," என்றார் கூட்டாளி.

"ஏத்திடலாம்," என்றார் தங்கை கணவர்.

கூட்டாளி என் பக்கம் திரும்பினார். "போன்ல கணக்கு வேணாம். என் கண்ணு முன்னால போடு."

எஞ்சின் வந்த அட்டைப்பெட்டியைப் பிரித்து எழுதத் தொடங்கினேன். 256-ஐ 256-ஆல் பெருக்கினால் 65536. ஆகவே எங்கள் எண் இரண்டு எண்களின் பெருக்கலாக உடையுமானால், அவற்றில் ஒன்றாவது 256-க்குள் இருக்க வேண்டும். அதற்குள் உள்ள பகா எண்கள் ஐம்பத்து நான்கு. ஒன்றையும் விடுவதில்லை என்று முடிவு செய்தேன்.

மூன்றுக்கு மீதி இரண்டு. ஏழுக்கு மூன்று. பதின்மூன்றுக்கு நான்கு. தங்கை கொண்டுவந்து வைத்த டீ ஆறிப்போனது. 113-க்கு மூன்றுதான் குறைந்தது. இன்னும் மூன்று இருந்தால் மீதியின்றி வகுபட்டிருக்கும். கூட்டாளி அட்டையைப் பிடுங்கி, தானே இருமுறை பெருக்கிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார். கடைசியாக 251. மீதி 26.

"பாத்தியா, மறுபடியும் எட்டு!"

"மீதி கீதுல்ல? அப்ப ஒடயலடா," என்றார் தங்கை கணவர்.

கூட்டாளி அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். "அதுல ஒன்னு கொறச்சா?"

தங்கை கணவர் எனக்குக் கண் காட்டினார். நான் மறைக்கவில்லை. 65536-ஐப் பாதியாக்கினேன்: 32768. மறுபடி பாதி: 16384. பதினாறு முறை பாதியாக்கியதும் ஒன்றில் வந்து நின்றது. கூட்டாளி ஒவ்வொரு வரியாக விரல் வைத்துக்கொண்டே வந்தார்.

"அந்த ஒன்னு கூட கீறவரிக்கும் ஒடயாதுன்ற."

"ஆமாம்."

அவர் வேட்டியை மடித்துக் கட்டி, தங்கை கணவரைப் பார்த்தார். "இன்னா மச்சான் பாத்துகினு நிக்கிற? அந்தாண்ட புடி."

ஒன்பதே காலுக்குப் படகு தண்ணீரில் இறங்கியது. எஞ்சின் பிடி கூட்டாளியின் கையில் இருந்தது.