சூறாவளியின் முதல் இருக்கை

தெருவில் யாராவது "முட்டாளா சார்!" என்று கூப்பிட்டால் அவர் கோபித்துக்கொள்ளமாட்டார். திரும்பிப் பார்த்துக் கையசைப்பார். அது அவர் பாடுபட்டுச் சம்பாதித்த பெயர். தொலைக்காட்சி விவாதத்தில் யார் எதை மாற்ற வேண்டும் என்று சொன்னாலும், விரலால் மேஜையைத் தட்டி அவர் கேட்பது ஒரே கேள்விதான்.

"முன்னாடி இருந்தவன் முட்டாளா?"

எதிரே இருப்பவர் ஆமாம் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. அதற்குள் விளம்பரம் வந்துவிடும்.

ஆரம்பத்தில் அவர் ஒரு சோப்புக் கம்பெனியில் புகார்க் கடிதங்களுக்குப் பதில் எழுதிக்கொண்டிருந்தார். நுரை வரவில்லை என்று எழுதியவர்களுக்கு, உங்கள் வீட்டுத் தண்ணீரைச் சோதித்துப் பார்க்கவும் என்று மனம் நோகாமல் எழுதுவார். ஒருநாள் அவர் வீட்டு வாசலில் இருந்த பேருந்து நிறுத்தத்தை எதிர்ப்பக்கம் மாற்றப்போவதாகச் செய்தி வந்தது. பத்திரிகைக்கு எழுதிப்போட்டார். 'இங்கே நிறுத்தம் வைத்தவன் மழையில் நின்று பார்த்து வைத்தான். மாற்றச் சொல்பவன் காரில் போகிறவன்.' நிறுத்தம் அங்கேயே இருந்தது. பத்திரிகைக்காரர்கள் இன்னொன்று எழுதச் சொன்னார்கள். அப்புறம் வாராவாரம். அப்புறம் தொலைக்காட்சி.

தொலைக்காட்சியில் முதல் நாளே ஒரு விபரீதம். ஸ்டூடியோவில் சுழல் நாற்காலி போட்டிருந்தார்கள். கேள்வி கேட்டவர் பக்கம் திரும்பினார். நாற்காலி நின்றுவிட்டது, அறை நிற்கவில்லை. விளக்குகள், காமிராக்கள், எதிரே இருந்தவரின் மூக்குக்கண்ணாடி எல்லாம் ஊர்வலம் போயின. மேஜையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நிகழ்ச்சியை முடித்தார். அவருக்குத் தலைசுற்றல் சிறுவயதிலிருந்தே உண்டு. பேருந்தில் பின்பக்கம் பார்த்த சீட்டில் உட்காரமாட்டார். வீட்டில் பல்பு மாற்ற ஸ்டூலில் ஏறுவது மனைவிதான்.

மறுநாள் மனைவி சமையலறை மர நாற்காலியைக் கொடுத்தனுப்பினாள். அவ்வளவுதான், ஊரே அதைக் கொண்டாடிவிட்டது. 'சுற்றாத மனிதர்' என்று ஒரு வார இதழ் நாற்காலியை மட்டும் அட்டைப்படமாகப் போட்டது. கொள்கை நாலு காலில் நிற்கிறது என்று வாசகர் கடிதம் வந்தது. அவர் மறுக்கவில்லை. உண்மை மனைவிக்கு மட்டும் தெரியும்.

எப்போதும் அவருக்கு எதிரே உட்கார்ந்து வாதாடுகிற மனிதருக்கு எதிர்நாற்காலி என்று பெயர் வைத்திருந்தார். காமிரா முன்னால் இருவரும் கடித்துக் குதறிக்கொள்வார்கள். முடிந்ததும் ஒரே சீப்பில் தலை வாரிக்கொண்டு டீ குடிப்பார்கள்.

முட்டாளா சாருக்கு இன்னொரு பல்லவியும் உண்டு. அரசாங்கத்தில் ஆபீஸ்கள் அதிகம், பாதியை இழுத்து மூட வேண்டும். உதாரணத்துக்கு அவர் எடுப்பது ராட்டின ஆய்வு இயக்குநரகம்.

"ராட்டினம் சரியா சுத்துதான்னு பாக்க ஒரு ஆபீஸு! அதுக்கு ஒரு டைரக்டரு! பயமா இருந்தா ஏறாதே. இதுக்கு மேல என்னய்யா சட்டம் வேணும்?"

தேர்தல் வந்தது. ஆட்சி மாறியது. புது அமைச்சர் அவருடைய நிகழ்ச்சியைத் தவறாமல் பார்ப்பவர். போன் பண்ணினார்.

"மூடணும் மூடணும்னீங்களே. நீங்களே டைரக்டரா போய் மூடிட்டு வாங்க. ஒரு வருஷம் டைம்."

மாலை வாங்கிக்கொண்டு, மர நாற்காலியையும் எடுத்துக்கொண்டு போய்ச் சேர்ந்தார்.

மாடியில் இரண்டு அறைகள். எங்கே தொட்டாலும் கிரீஸ் பிசுக்கு. அறுந்த சங்கிலிக் கண்ணிதான் காகிதத்துக்குப் பாரம். சுவரில் பழைய மரப்பலகை ஒன்று, பெயிண்டில் எழுதியது. அதன் கீழே நின்று போட்டோ எடுத்துக்கொண்ட பிறகுதான் படித்தார்: 'எந்தப் புதிய ராட்டினத்திலும் முதலில் ஏறிச் சுற்றவேண்டியவர் இயக்குநர்.'

இன்னொரு தரம் படித்தார்.

தலைமை ஆய்வாளர் ஒரு பெண்மணி. கைப்பையில் எந்நேரமும் சுத்தியல் இருக்கும் என்பதால் சுத்தியலம்மா.

"இதெல்லாம் சும்மா எழுதி வச்சதுதானே? முன்னாடி இருந்த டைரக்டருங்க ஏறினாங்களா?"

"ஏறாம? ஒருத்தர் பாட்டே பாடுவாரு சார். கீழ நாங்க கை தட்டுவோம்."

"இந்த விதியை எடுத்துடலாம் இல்ல?"

சுத்தியலம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "எடுக்கறதா? சார், நீங்களா கேக்கறீங்க?"

அந்த வாரமே ஒரு விண்ணப்பம் வந்தது. ஊர் மைதானத்துப் பொருட்காட்சியில் புதிதாக ஒன்று வருகிறது, பெயர் சூறாவளி. நடுவில் ஒரு தூண், தூணுக்கு எட்டுக் கைகள், ஒவ்வொரு கையிலும் ஒரு கூண்டு. தூண் சுற்றும்போதே கைகள் ஏறி இறங்கும், கூண்டு தனக்குத்தானே சுற்றும். படத்தைப் பார்க்கும்போதே அவர் மேஜையைப் பிடித்துக்கொண்டார். திறப்பு சனிக்கிழமை.

அப்போதுதான் அவருக்கு அந்த யோசனை வந்தது. வெள்ளிக்கிழமைக்குள் ஆபீஸையே மூடிவிட்டால்? ஆபீஸ் இல்லை, இயக்குநர் இல்லை, ஏறவும் வேண்டாம்! பறந்து பறந்து வேலை செய்தார். சாப்பாட்டு மேஜையில் மூடும் உத்தரவை எழுதினார். மனைவி மோர் கொண்டுவந்து வைத்துவிட்டு, தோளுக்கு மேலாக எட்டிப் படித்தாள்.

"ஒரு வருஷம் இருக்குன்னீங்க. இப்ப என்ன வெள்ளிக்கிழமைக்குள்ள?"

"வெட்டி ஆபீஸ். ஒரு நாள்கூடப் பொறுக்கக்கூடாது."

"வெட்டின்னு மூடறீங்களா, தலை சுத்தும்னு மூடறீங்களா?"

அவர் வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. விளம்பரமும் வரவில்லை. இந்தக் காட்சியை எதிர்நாற்காலி மட்டும் பார்த்திருந்தால் ஊரைக் கூட்டிக் காட்டியிருப்பார்.

"மூடறதுக்கு நியாயமான காரணம் நூறு இருக்கு" என்றார் கடைசியில்.

"இருக்கட்டுமே. ஏறி இறங்கின பிறகும் அந்தக் காரணமெல்லாம் அங்கயேதானே இருக்கும்? இறங்கி வந்து மூடுங்க. யாரு வேண்டாங்கறா?"

அவர் பேனாவை மூடினார்.

சனிக்கிழமை மைதானத்தில் எதிர்நாற்காலி காமிராவோடு நின்றார். நிகழ்ச்சி இப்போது அவருடையது. "நேயர்களே, சுற்றாத மனிதர் இன்று சுற்றப்போகிறார்!" கூட்டம் விசில் அடித்தது. மனைவி ஒரு கையில் எலுமிச்சம்பழமும் மறு கையில் பிளாஸ்டிக் பையுமாகத் தயாராக இருந்தாள்.

சுத்தியலம்மா ஏற்கெனவே தட்டிப் பார்த்து எல்லாம் சரி என்று சொல்லியிருந்தாள். அவர் கூண்டில் உட்கார்ந்தார். தோளுக்கு மேலிருந்து இரும்புத் தடுப்பு இறங்கி மார்பில் மாட்டிக்கொண்டது. இழுத்தார். ஆட்டினார். மறுபடி இழுத்தார்.

"அது பிடிக்கும் சார். பயப்படாதீங்க" என்றான் ராட்டினக்காரன்.

பயப்படாதே என்று சொன்னதும் பயம் இரட்டிப்பானது. இரண்டு முழங்காலையும் தூக்கி மார்போடு ஒட்டிக்கொண்டு, தடுப்பைக் கட்டிப்பிடித்து, ஒருபக்கமாகச் சுருண்டார். டக் என்று ஒரு சத்தம். தடுப்பு மேலே போய்விட்டது.

ராட்டினக்காரன் முகத்தில் ரத்தம் இல்லை. சுத்தியலம்மா ஓடிவந்து தானே உட்கார்ந்து, முழங்காலைத் தூக்கிச் சுருண்டு பார்த்தாள். டக்.

"இப்படி யாரு சார் உக்காருவா? நாங்க நேரா உக்காந்து பாத்தோம். பிடிச்சுது."

"பயந்தவன் உக்காருவான்மா. ஏறறவங்கள்ல பாதிப் பேரு பயந்தவங்கதான்."

எட்டுக் கூண்டுக்கும் இரண்டாவது கொக்கி வைக்கும்வரை அனுமதி இல்லை என்றார். பட்டறையிலிருந்து ஆட்கள் வந்து கொக்கிகளைப் பற்றவைத்தார்கள். எதிர்நாற்காலி அருகில் வந்து காதைக் கடித்தார்.

"தப்பிச்சுட்டீங்கய்யா. இப்படியே வீட்டுக்குப் போயிடுங்க. நான் ஒண்ணும் கேக்கமாட்டேன்."

முட்டாளா சார் மனைவி கையிலிருந்த எலுமிச்சம்பழத்தை வாங்கி ஒருதரம் முகர்ந்தார். "பலகையில என்ன எழுதியிருக்குன்னு தெரியுமாய்யா உமக்கு?" என்று கேட்டுவிட்டுக் கூண்டுக்குப் போனார்.

சாயங்கால வெளிச்சத்தில் சூறாவளி கிளம்பியது. முதலில் மைதானம் சாய்ந்தது. பிறகு ஊர் சாய்ந்தது. தண்ணீர்த் தொட்டி அவர் காலடியில் போயிற்று, வானம் பக்கவாட்டில் வந்தது, மனைவியின் புடவை நிறம் ஒரு கோடாக நீண்டு திரும்பத் திரும்ப வந்து போனது. கத்தினார். கத்தியது நடுவில் எங்கேயோ தடுமாறிச் சிரிப்பாக மாறிவிட்டது. தொலைக்காட்சியில் ஒருநாள்கூடப் பல் தெரியச் சிரிக்காதவர், எட்டுக் கைகளுக்கு நடுவில் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். கீழே சுத்தியலம்மா கை தட்ட ஆரம்பித்தாள். கூட்டமும் தட்டியது.

இறங்கியபோது பூமி இரண்டாக இருந்தது. எது நிஜம் என்று காலால் தடவிப் பார்த்தார். எதிர்நாற்காலி மைக்கை நீட்டினார். இத்தனை வருடமாகக் காத்திருந்த கேள்வி.

"இப்ப சொல்லுங்க. இந்த விதியைப் போட்டாரே, அந்த முன்னாடி இருந்தவரு முட்டாளா?"

"இல்லய்யா." மூச்சு வாங்கினார். "பயந்தாங்கொள்ளி. என்னை மாதிரியே. அதான் இவ்வளவு நல்ல விதி போட்டிருக்கான். அந்த மர நாற்காலி கொள்கையும் இல்ல, ஒண்ணும் இல்ல. எனக்குத் தலை சுத்தும். இப்பக்கூட நீங்க மூணு பேரு நிக்கறீங்க. நடுவுல இருக்கறவரு கொஞ்சம் தள்ளி நில்லுங்க."

மனைவி சரியான நேரத்தில் பையைப் பிடித்தாள். அதுவும் நேரடி ஒளிபரப்பில் போயிற்று.

திங்கட்கிழமை ஆபீஸ்காரர்கள் சேர்ந்து ஒரு சுழல் நாற்காலி வாங்கிப் போட்டிருந்தார்கள். அவர் கதவைச் சாத்திக்கொண்டு, ஒரு காலைத் தரையில் ஊன்றி, அரைச்சுற்று சுற்றிப் பார்த்தார். போன் அடித்தது. அமைச்சர்.

"பாத்தேன், நல்லா சிரிச்சீங்க. மூடற உத்தரவு என்னாச்சு?"

"பாதி எழுதி மேஜை மேலயே இருக்கு சார். ஆனா பக்கத்து ஊர்ல ஒண்ணு வந்திருக்காம். தலைகீழா தொங்கவிட்டுச் சுத்துதாம். அதுல மட்டும் ஒருதரம் உக்காந்து பாத்துட்டு வந்துடறேன்."

"அப்புறம் மூடிடுவீங்கல்ல?"

"அப்புறம் புதுசா ஒண்ணும் வராம இருந்தா, அன்னிக்கே மூடிடலாம் சார்" என்று சொல்லிவிட்டு, இந்தத் தடவை முழுச்சுற்றாகச் சுற்றினார்.