ரீச்சர் ஊதிய கன்னம்

தோழிகளே, கும்பிட்டுக் கேட்கிறேன், இதை ஒருவருக்கும் காட்டாதீர்கள். வாசித்ததும் கிழித்துவிடுங்கள்.

ரிவியில் வந்து எல்லாரையும் சிரிக்கவைக்கும் இங்கிலீஷ் பகிடிக்காரரைப் போல நான் வகுப்பில் நடிப்பது உங்களுக்குத் தெரியும். அப்பாவுக்குத் தெரியாது.

இன்று வைலே நகர பஸ்ஸில் அப்பாவோடு போகையில் என் ரீச்சர் ஏறினார். "வெள்ளிக்கிழமை பள்ளிக்கூட மேடையில் உங்கள் மகள்தான் அந்தப் பகிடிக்காரர்" என்று டெனிஷில் சொல்லி, அவரைப் போலவே தொப்பியை மூக்குவரை இழுத்துக் கன்னத்தை ஊதிக் காட்டினார்.

"என்னவாம் பிள்ளை? வெள்ளிக்கிழமை எண்டது மட்டும் விளங்கினது."

"நான் கணக்கிலை கெட்டிக்காரியாம். வெள்ளிக்கிழமை பரிசு தருவினமாம்."

"அப்ப லீவு போட்டிட்டு நானும் வாறன்."

டாக்டரிடமும் கடையிலும் அப்பாவுக்காகக் கதைப்பது நான்தான். எனக்காகக் கதைக்கத்தான் வாய் வரவில்லை.

அந்தப் பகிடிக்காரர் வங்கி வேலையை விட்டு மேடையேறியபோது, அவருடைய அப்பா இரண்டு வருடம் அவரோடு கதைக்கவில்லையாம். நூலகத்தில் வாசித்தேன். எனக்கு விடுவதற்கு வங்கி வேலைகூட இல்லை.

நீங்கள் என்றால் என்ன செய்வீர்கள்? நாளைக்கே சொல்லுங்—

கதவு தட்டும் சத்தம். அப்பா.

"பிள்ளை, கணக்குக்கு ஏன் அந்த மனுசி கன்னத்தை ஊதினவ?"