பாண் துண்டு போடாத சூப்

சூப்பைப் போல ஒரு கேவலமான சாப்பாட்டை நான் கண்டதில்லை. வாயில் பல் உள்ளவன் எதற்காகப் பூசணிக்காயைக் கரைத்துக் குடிக்க வேண்டும்? இதைக் கிறேஸ் அக்காவிடம் எத்தனையோ தரம் கேட்டிருக்கிறேன். "நீ உன்ரை வானைப் பார் ராசு, நான் என்ரை குசினியைப் பாக்கிறன்" என்று என் வாயை அடைத்துவிடுவார்.

தொண்ணூற்றாறாம் ஆண்டின் தொடக்கம். கிளிநொச்சியில் இருந்த ஒரு வெளிநாட்டு நிவாரண நிறுவனத்தின் கந்தோரில் நான் சாரதி, அக்கா சமையல். முல்லைத்தீவுக் கடற்கரைக்காரி. மீன் குழம்பு வைத்தால் ஒழுங்கை முழுக்க மணக்கும். அப்பேர்ப்பட்ட கையைத்தான் கந்தோரின் வெள்ளைக்கார டொக்டர் அம்மா சூப்பில் கொண்டுபோய் மாட்டிவிட்டார்.

கரட், லீக்ஸ் எல்லாம் கண்ணிலும் காணாத காலம் அது. அக்கா பூசணியையும் கொஞ்சம் மரவள்ளியையும் சின்ன வெங்காயத்தோடு குழைய அவித்து, மத்தால் கடைந்து, வடியில் வடிப்பார். பசும்பாலைக் காய்ச்சி எடுத்த ஆடையை நுரைக்க அடித்து அதில் ஊற்றி, மிளகு தூவுவார். கடைசியாக, போறணையில் சுட்ட முதல் நாள் பாணைச் சின்னச் சின்னச் சதுரமாக வெட்டி நெய்யில் மொறுமொறுவென்று பொரித்து மேலே போடுவார். அந்தப் பாண் துண்டுதான் சாப்பாடு, மிச்சமெல்லாம் தண்ணீர் என்பது என் கட்சி. குசினிக்குள் போனால் இரண்டு பிடி அள்ளாமல் நான் வெளியே வந்ததில்லை.

அப்போதுதான் அக்காவின் புருஷன் யாக்கோப்பு அண்ணனுக்கு அந்த விபத்து நடந்தது. வள்ளத்தைக் கரைக்கு ஏற்றும்போது தாங்குகட்டை தெறித்துத் தாடையை உடைத்துவிட்டது. வவுனியா ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். போவதற்கு, எங்கள் பகுதியை ஆண்ட இயக்கத்திடம் பாஸ் எடுக்க வேண்டும். பாஸுக்குப் பிணை வேண்டும். போகிறவர் திரும்பி வருவார் என்று ஓர் ஆள் இங்கே கையெழுத்து வைக்க வேண்டும். அவர் வராவிட்டால் பிணை நின்றவருக்கு விசாரணை, அதற்குப் பிறகு வாழ்நாளில் பாஸ் என்ற பேச்சே கிடையாது. பிள்ளைகுட்டி இல்லாத வீடு. அக்காதான் கையெழுத்து வைத்தார்.

வவுனியாவில் அண்ணனின் இரண்டு தாடையையும் கம்பி போட்டுக் கட்டிவிட்டார்கள். குழாய் வைத்து உறிஞ்சத்தான் முடியும். நான் மருந்து ஏற்ற ஒவ்வொரு கிழமையும் வவுனியா போவேன். அக்கா பிளாஸ்கில் சூப் ஊற்றி என் மடியில் வைத்துவிடுவார். ஆமியின் சோதனைப் பொயின்ற்றில் பிளாஸ்கைத் திறந்து மணந்து பார்த்துவிட்டு, "நீ குடி" என்பான் ஒருவன். சூப்பென்றால் ஓடுகிற நான், கொளுத்தும் வெயிலில் நின்று அதை மிடறு மிடறாக விழுங்கிக் காட்ட வேண்டும். எல்லாம் என் தலையெழுத்து!

ஒரு நாள் அண்ணனின் கட்டிலுக்குப் பக்கத்தில் அவருடைய தங்கச்சி நின்றா. நீர்கொழும்பில் கட்டிக்கொடுத்த பெண்.

"கம்பி எடுத்த உடனை அண்ணாவை நான் கூட்டிக்கொண்டு போறன். தொழிலுக்கு வள்ளமும் பாத்து வைச்சாச்சு. மச்சாளிட்டைச் சொல்லுங்கோ" என்றா.

அண்ணன் பல்லைக் கடித்தபடி ஏதோ உறுமினார். ஓமா இல்லையா என்று எனக்கு விளங்கவில்லை.

வந்து சொன்னேன். அக்கா பாலாடை அடித்துக்கொண்டிருந்தார். கை நிற்கவில்லை.

"நல்லதுதானே. அந்த ஆளாவது போகட்டும்."

"அப்ப நீங்கள்? பிணை நிக்கிறது நீங்களெல்லே?"

"அதுக்கென்ன இப்ப? குண்டுக்குள்ளை ரெண்டு பேரும் கிடந்து சாகவேணுமே? வரவேண்டாம் எண்டு நான் சொன்னனான் எண்டு சொல்லு."

அடுத்த கிழமை போய்ச் சொன்னேன். அண்ணன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அதற்குப் பிறகு ஒரு கிழமை நான் போனபோது அவருடைய கம்பியை எடுத்திருந்தார்கள். சூப்பைக் கோப்பையில் ஊற்றிக் கொடுத்தேன். உள்ளே எட்டிப் பார்த்தார்.

"பொரிச்ச பாண் எங்கை? எனக்கு இனிக் கடிக்கலாம். அடுத்தமுறை போட்டு விடச் சொல்லு."

நல்ல செய்தி என்று நினைத்து, மடையன் நான், அதைச் சந்தோஷமாகக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அக்கா அகப்பையை ஓங்கி அடுப்புக் கல்லில் அடித்தார்.

"கடிக்கலாமாமோ? கடிச்சுப் பழகிப்போட்டு இஞ்சை வரவோ? பாணும் இல்லை, ஒண்டும் இல்லை. சூப் குடிக்கிற வருத்தக்காரனாய் அங்கையே கிடந்து, தங்கச்சியோடை போகட்டும்."

அதற்குப் பிறகு ஒவ்வொரு தரமும் அவர் பாண் கேட்டார், ஒவ்வொரு தரமும் இவர் வெறும் சூப்பையே அனுப்பினார். நடுவில் நான் அலைந்தேன். கடைசியில் எனக்கும் விசர் பிடித்துவிட்டது. "உங்கடை சண்டைக்கு நானோ தபால்காரன்?" என்று கத்தினேன். அக்கா வெங்காயம் உரித்தார். கண்ணால் தண்ணீர் வழிந்தது. வெங்காயம்தான் என்று நானும் விட்டுவிட்டேன்.

ஒரு நாள் போய்ப் பார்த்தால் கட்டிலில் வேறு ஆள் கிடந்தார். முதல் நாளே துண்டு வெட்டி அண்ணனை ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பிவிட்டார்களாம். ஒரு சொல், ஒரேயொரு சொல் சொல்லி அனுப்பக் கூடாதா? மனிதனா இவன்? பிளாஸ்கை அப்படியே திருப்பிக் கொண்டுவந்தேன்.

அக்கா அதைத் தூக்கிப் பாரம் பார்த்தார். "தங்கச்சியோடை போட்டாரோ?"

"ஓம் போலை."

"மாதாவே, நல்லது. நல்லது" என்று சொல்லிக்கொண்டே நிலத்தில் குந்திவிட்டார். பிறகு குரலெடுத்து அழுதார். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. வானுக்குப் போய் மருந்துப் பெட்டிகளை இறக்கத் தொடங்கினேன்.

பின்னேரம் ஒரு சைக்கிள் படலையில் வந்து நின்றது. பின் கரியலிலிருந்து யாக்கோப்பு அண்ணன் இறங்கினார். ஆமிக்கும் இயக்கத்துக்கும் நடுவிலுள்ள வெட்டையில் சனத்தோடு சனமாக நடந்து, வழியில் ஆரையோ மறித்து ஏறி வந்திருக்கிறார். கக்கத்தில் பேப்பர் சுற்றிய ஓர் இறாத்தல் பாண். நேரே குசினிக்குப் போய் மேசையில் வைத்தார்.

"நீர் போட்டு விடேல்லை. அதுதான் நானே வாங்கிக்கொண்டு வந்திட்டன்."

அக்கா துள்ளி எழும்பினார். "விசர் மனிசா! ஆர் உங்களை வரச் சொன்னது? கதவு துறந்து கிடக்க ஏன் திரும்பி வந்தனீங்கள்?"

"பிணை நிக்கிறது நீரெல்லே."

அக்கா பாணை எடுத்து வெட்டினார். சின்னச் சதுரம் ஒன்றும் வரவில்லை, எல்லாம் கட்டை கட்டையாக விழுந்தது. நெய்யில் பொரித்து, சூப்பில்லாமல், வெறுந்தட்டில் கொட்டி அவருக்கு முன்னால் வைத்தார். அண்ணன் ஒரு பக்கத்துப் பல்லால் மெல்ல மெல்லக் கடித்தார். நோவில் கண் சுருங்கியது. ஆனாலும் நிறுத்தவில்லை.

"நாளைக்குப் பிணையில இருந்து உம்மடை பேரை வெட்டுவினம்" என்றார். "பிறகு நீர் பாஸ் கேளும். தங்கச்சி உம்மையும் கூட்டிக்கொண்டு போவாள்."

"எனக்கு ஆர் பிணை நிக்கிறது?"

"நான்தான். வேறை ஆர் இருக்கினம்?"

அக்கா அவரையே பார்த்தார். "அப்ப ரெண்டு பேருமாய் ஒரு நாளும் போகேலாது."

"ஏலாதுதான்."

"அப்ப ஒருத்தரும் போகத் தேவையில்லை. வாயை மூடிக்கொண்டு தின்னுங்கோ."

அன்றைக்கு அந்தத் தட்டில் நான் கை வைக்கவில்லை. பிளாஸ்கில் திரும்பி வந்த சூப்பை ஒரு கோப்பையில் ஊற்றி, யாரும் சொல்லாமல் நானே குடித்தேன்.