யாரும் வரையாத பெட்டி

இதில் ஒரு வரிகூட நான் கட்டியது இல்லை. கதை கட்டத் தெம்பு வேண்டும். அது என்னிடம் இல்லை. நடந்ததை மணியோடு எழுதுகிறேன், நம்புவது உங்கள் இஷ்டம்.

நான் சாஃப்ட்வேர் எழுதுகிறவன். செல்போனில் ஓடுவது அல்ல, மேஜைக் கம்ப்யூட்டரில் ஓடும் பழைய வகை. நான்கு மாதமாக என் தலையில் கட்டியிருந்தது ஒரு டயாலிசிஸ் சென்டரின் சாஃப்ட்வேர். நோயாளி வந்ததும் எடை பார்ப்பார்கள். நர்ஸ் அந்த எடையை உள்ளே போடுவார். உடம்பிலிருந்து எவ்வளவு தண்ணீரை இழுக்க வேண்டும் என்று அது கணக்குச் சொல்லும். எடை தப்பென்றால் கணக்கும் தப்பு, தண்ணீரை அதிகமாக இழுத்துவிட்டால் பிரஷர் இறங்கி உயிருக்கே ஆபத்து. அதே சென்டரில்தான் என் அக்காவுக்கும் வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். அம்மா, அப்பா போன பிறகு எனக்கென்று இருந்தவள் அவள் ஒருத்திதான். காலை ஆறரைக்கு அவளை அங்கே விட்டுவிட்டு அப்படியே ஆபீஸ் போவேன். ஒழுங்காகத் தூங்கி எத்தனை நாள் ஆயிற்று என்று கேட்காதீர்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சென்டருக்கு லீவு. மாலைக்குள் புது வெர்ஷனை அனுப்பியாக வேண்டும். புதுசு என்றால் பெரிய அதிசயம் ஒன்றும் இல்லை. திரையில் ஒரு கேள்வியோடும் ‘சரி’ என்ற பட்டனோடும் வந்து நிற்கும் சின்னச் சின்ன டயலாக் பெட்டிகளைப் பார்த்திருப்பீர்கள். இதில் அப்படி முப்பத்தெட்டு இருந்தன. அத்தனையும் மெயின் புரோகிராமுக்குள் கிடந்தன. அவற்றை வெளியே எடுத்து, தனியாக ஒரு டி.எல்.எல். ஃபைலில் வைத்தேன். நாளைக்குப் பெட்டியில் ஏதாவது மாற்றச் சொன்னால் அந்த ஒரு ஃபைலை மாற்றினால் போதும். பீரோவில் இருந்த துணியை வேறு பீரோவுக்கு மாற்றுகிற வேலைதான்.

மதியம் 2:20. ஆபீசில் நான் மட்டும் இருந்தேன். டெஸ்ட் செய்ய அக்காவின் பெயரையே எடுத்தேன். மனப்பாடமாகத் தெரிந்த விவரம் அது ஒன்றுதான். வெள்ளிக்கிழமை எடை 54. அடித்து என்டர் தட்டினேன்.

டிங்...

படுக்கை எண் கேட்கும் பெட்டி வர வேண்டும். அதன் எண் 131. வந்தது வேறு ஏதோ. மேலே தலைப்பு இல்லை. மூடுவதற்கான பெருக்கல் குறி இல்லை. நான் உபயோகிக்காத எழுத்து. ‘எடையை மறுபடி பார்க்கவும்’ என்று ஒரே ஒரு வரி, கீழே ‘சரி’. அதை அழுத்திய பிறகுதான் என் பெட்டி வந்தது.

நான் பயப்படவில்லை. என் மாதிரி ஆட்கள் நூறு தடவை செய்கிற தப்பு இது. பெட்டிகளைக் கூப்பிடுவது எண்ணை வைத்துத்தான். எந்த ஃபைலில் இருக்கிற 131 என்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மாற்றிச் சொல்லிவிட்டால் வேறொரு ஃபைலின் 131 வந்து பல்லைக் காட்டும். அந்த வரியைத் தேடிப் பார்த்தேன். சரியாகத்தான் எழுதியிருந்தேன்.

3:05. அக்கா போன் செய்தாள்.

“சாப்டியாடா?”

“ம். நீ?”

“எங்க... மூணு நாளா எதுவும் இறங்கல. துணியெல்லாம் தொளதொளன்னு ஆயிடுச்சு.”

“நாளைக்கு டாக்டர்கிட்ட சொல்லிக்கலாம்க்கா. வேலையா இருக்கேன்.”

“சரி சரி, நீ பாரு.”

காதில் விழுந்தது. மண்டையில் ஏறவில்லை. என் கண் திரையிலேயே இருந்தது.

3:30. வேறு பன்னிரண்டு நோயாளிகளை எடுத்துப் பார்த்தேன். யாருக்கும் அந்தப் பெட்டி வரவில்லை. அக்காவின் பெயர், 54, என்டர்.

டிங்...

பழைய வெர்ஷனில் தேடினேன். முப்பத்தெட்டையும் ஒவ்வொன்றாகத் திறந்தேன். அந்த வாசகம் எதிலும் இல்லை. அப்படி ஒரு பெட்டியை யாரும் வரைந்திருக்கவே இல்லை.

4:07. டி.எல்.எல். ஃபைலையே அழித்தேன். இனி மெயின் புரோகிராமில் ஒரு பெட்டிகூடக் கிடையாது. திறப்பதற்கு எதுவுமே இல்லை. அந்த ‘டிங்’ எரிச்சலாக இருந்ததால் ஸ்பீக்கர் ஒயரையும் பிடுங்கிவிட்டேன். 54. என்டர்.

டிங்...

பிடுங்கிய ஒயர் என் கையில் இருந்தது.

பெட்டி வந்தது. இந்த முறை ஒரு வார்த்தை கூடியிருந்தது.

‘எடையை மறுபடி பார்க்கவும். தயவுசெய்து.’



திரையில் உள்ள பெட்டி எந்த ஃபைலிலிருந்து வந்தது என்று சொல்லும் கருவி ஒன்று எங்களிடம் உண்டு. அதை அந்தப் பெட்டியின் மேல் வைத்தேன்.

ஃபைல் பெயர் வர வேண்டிய இடம்... காலி.

5:15. மேனேஜர் போனில் கூப்பிட்டார்.

“முடிஞ்சுதா?”

“ஒரு பெட்டி தேவையில்லாம வருது சார்.”

“எல்லாருக்குமா?”

“ஒரே ஒரு பேஷன்ட்டுக்கு.”

“அதை மறைச்சு அனுப்புப்பா. ஆறு மணிக்கு வேணும்.”

பயம் இருந்தது. அதைவிடக் களைப்பு இருந்தது. இதுதான் உண்மை. டி.எல்.எல்.லைத் திரும்ப வைத்தேன். மூன்று வரி எழுதினேன். அந்தப் பெட்டி திறந்தால் தானாகவே ‘சரி’ அழுத்தி மூடு, மூடிய மணியைக் குறித்து வை. அவ்வளவுதான். 54. என்டர். சத்தம் இல்லை. என் பெட்டி மட்டும் வந்தது. 5:52க்கு அனுப்பிவிட்டு வீட்டுக்குப் போய்ச் செத்தவன் மாதிரி தூங்கினேன்.

திங்கள் காலை 6:30க்கு அக்காவைச் சென்டரில் விட்டேன். 8:10க்குப் போன் வந்தது. பிரஷர் ஒரேயடியாக இறங்கிவிட்டது என்றார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது அவள் முகத்தை மூடியிருந்தார்கள்.

பதினாறு நாள் கழித்து, அவளுடைய ரிப்போர்ட்டுகளை வாங்கப் போனேன். எடுத்துக் கொடுத்த நர்ஸ் என் முகத்தைப் பார்க்கவில்லை.

“அன்னைக்கு எடை மெஷின் ரிப்பேர், தம்பி. அவங்க வேற சோர்ந்துபோய் இருந்தாங்க. வெள்ளிக்கிழமை எடையவே போட்டேன். தப்பா இருந்தா அந்தப் பெட்டி கேக்கும்னு இருந்துட்டேன்.”

“எந்தப் பெட்டி?”

“எடைய மறுபடி பாக்கச் சொல்லுமே, அதான். சரியான எடைன்னா வராது. தப்புன்னா மட்டும் வரும். எத்தனையோ பேரைக் காப்பாத்தியிருக்கு. நீங்க வெச்சதுதானே?”

“எப்பலேர்ந்து வருது?”

“நான் சேர்ந்ததுலேர்ந்து. பதினாலு வருஷம். இதுக்கு முன்னாடி வேற கம்பெனி சாஃப்ட்வேர் இருந்துச்சே... அதுலயும் வரும்.”



அன்று மாலை சென்டர் கம்ப்யூட்டரில் என் மூன்று வரிகள் குறித்து வைத்ததைத் திறந்து பார்த்தேன். திங்கட்கிழமை. முதல் மணி 7:04. அடுத்தது 7:05. அதற்கடுத்தது 7:07... கடைசி 8:09.

எண்ணிப் பார்த்தேன். அது நாற்பத்தொரு முறை கேட்டிருக்கிறது.

நாற்பத்தொரு முறையும் ‘சரி’ என்று மூடியது நான்.