மூச்சு சாரின் ஆல் இன்

எக்ஸ்ரே அறையில் இருபத்திரண்டு வருஷமாக ஒரே வசனம்தான்: "மூச்ச இழுங்க... பிடிங்க... ம், விடலாம்." ஒரு நாளைக்கு எண்பது நெஞ்சு வந்தால் எண்பது தடவை. அதனால் ஆஸ்பத்திரி முழுக்க அவருக்கு மூச்சு சார் என்றே பேர். பெற்றவர்கள் வைத்த பேர் சம்பளச் சீட்டில் மட்டும் பத்திரமாக இருந்தது.

மகள் ஒருத்திதான். ரயிலில் இரண்டு நாள் தூரத்தில் குடித்தனம். வருஷக் கடைசியில் தலைப்பிரசவம். "அம்மா மட்டும் வந்தா போதாதுப்பா, நீயும் பக்கத்துல இருக்கணும்" என்று போனில் சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து மனுஷனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஆனால் அதே மாதத்துக்கு அடுத்த அறை எக்ஸ்ரேக்காரியும் லீவு கேட்டிருந்தாள். இருப்பது இரண்டு மெஷின், இரண்டே ஆள். "ஒருத்தருக்குத்தான் லீவு. உங்களுக்குள்ள பேசி முடிச்சுக்கங்க" என்று பெரிய டாக்டர் நழுவிவிட்டார்.

"பேச என்னண்ணே இருக்கு? ஸ்டாஃப் கிளப்புல போக்கர் டோர்னமெண்ட் வருதில்ல, அதுல யாரு கடைசிவரைக்கும் தாக்குப்பிடிக்கிறாங்களோ அவங்களுக்கு லீவு" என்று அவள் விளையாட்டாகச் சொன்னாள். இவரும் ரோஷமாகத் தலையாட்டிவிட்டார். சீட்டுக்கட்டைக் கையால் தொட்டறியாத மனுஷன்!

மறுநாளே மூன்று புத்தகங்கள் வந்து இறங்கின. மூன்றும் பெரிய ஆட்டக்காரர்கள் எழுதியவை. அட்டையில் மூன்று பேரும் கறுப்புக் கண்ணாடி போட்டு, பல் வலிக்காரர்களைப் போல முறைத்துக்கொண்டிருந்தார்கள். முதல் புத்தகம் பொறுமையாக இரு என்றது. இரண்டாவது, பொறுமைசாலி தோற்பான், பாய்ந்து அடி என்றது. மூன்றாவது முன்னூறு பக்கம் சுற்றிவளைத்துவிட்டு, எல்லாம் சந்தர்ப்பத்தைப் பொறுத்தது என்று முடித்தது. இதைச் சொல்லவா ஐயா ஒரு புத்தகம்!

மூச்சு சார் மூன்றையும் நம்பினார். எந்தச் சீட்டு வந்தால் என்ன செய்வது என்று ஒரு பட்டியல் போட்டு, எக்ஸ்ரே கதிர் படாமலிருக்க மாட்டிக்கொள்ளும் ஈய அங்கியின் உள்பக்கம் ஒட்டிவைத்தார். ஒரு நெஞ்சுக்கும் அடுத்த நெஞ்சுக்கும் நடுவே அங்கியைத் தூக்கிப் படிப்பார். இரண்டு விதிகளுக்கு மட்டும் சிவப்பு மையில் அடிக்கோடு. ஒன்று: மட்டமான சீட்டை வைத்துக்கொண்டு பொய்யாகப் பந்தயம் கட்டுகிறவன் தன்னையறியாமல் மூச்சைப் பிடித்துக்கொள்வான். இரண்டு: உனக்கு என்ன வேண்டும் என்பதை எதிராளிக்குக் காட்டாதே.

இரண்டாவது விதியை அவர் வேதவாக்காக எடுத்துக்கொண்டார். "பொண்ணு எப்படி இருக்குண்ணே?" என்று அடுத்த அறைக்காரி கேட்டால், "இருக்கா" என்று சொல்லிவிட்டு முகத்தைச் சுவராக்கிக்கொள்வார்.

"பக்கத்து ரூம் பொண்ணுகிட்ட வாயத் தொறந்து ஒரு வார்த்தை கேட்டா என்ன?" என்றாள் மனைவி.

"கேட்டா தெரிஞ்சுடாதா?"

"என்ன தெரிஞ்சுடும்?"

"நமக்கு லீவு வேணும்னு!"

மனைவி தலையில் அடித்துக்கொண்டு போய்விட்டாள்.

டோர்னமெண்ட் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஆஸ்பத்திரி கேன்டீனில். ஆளுக்கு ஒரே அளவு சிப்ஸ், அதாவது பந்தயத்தில் வைக்கும் வில்லைகள். தீர்ந்தால் எழுந்துபோக வேண்டியதுதான். மூச்சு சார் முதல் புத்தகப்படி இரண்டு மணி நேரம் வாயே திறக்காமல் சீட்டைக் கவிழ்த்துக் கவிழ்த்து வைத்தார். நேரம் ஏற ஏற, ஆடாவிட்டாலும் முறைவைத்துக் கட்ட வேண்டிய கட்டாயப் பந்தயமும் ஏறியது. சும்மா உட்கார்ந்தே பாதி சிப்ஸைக் கோட்டை விட்டார். கடைசி மேசையில் எதிரே அடுத்த அறைக்காரி.

கையில் வந்தவை ஏழும் இரண்டும். இதைவிட மட்டமான கை கிடையாது. மூன்று புத்தகங்களும் ஒத்துப்போன ஒரே விஷயம் அது. ஆனால் பொறுமைக்கும் ஓர் அளவு உண்டே! இரண்டாவது புத்தகக்காரரை மனதில் நினைத்து, "ஆல் இன்" என்று மிச்ச சிப்ஸ் மொத்தத்தையும் நடுவே தள்ளினார். முகம் அசையவில்லை. அடடா, என்ன ஒரு அமைதி!

அவள் அவரையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு சிரித்துவிட்டாள்.

"ம், விடலாம்ணே."

கேன்டீனே கொல்லென்று சிரித்தது. அப்போதுதான் தான் மூச்சு விடவில்லை என்பதே அவருக்கு உறைத்தது. நோயாளி மூச்சைப் பிடிக்கும்போது கூடவே தானும் பிடிப்பது அவருடைய இருபத்திரண்டு வருஷப் பழக்கம்; அடுத்த அறைக் கண்ணாடி வழியாக அவள் தினமும் பார்ப்பது. அவளும் பந்தயத்தைக் கட்டிவிட்டுச் சீட்டைத் திருப்பினாள்: வெறும் ஒரு ஜோடி நாலு. அவரை வெளியேற்ற அதுவே போதுமானதாக இருந்தது.

மூச்சு சார் எழுந்து நின்றார். வாழ்த்துச் சொல்ல வேண்டும் என்று மூன்றாவது புத்தகத்தில் இருந்தது. வாயைத் திறந்தார், வாழ்த்து வரவில்லை, அழுகை வந்துவிட்டது.

"ஐயோ, என்னண்ணே இது? ஒரு சீட்டாட்டத்துக்கா?"

"பொண்ணுக்குப் பிரசவம்மா. அந்த மாசம்தான். வரச் சொல்லியிருக்கா."

அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "லீவு கேட்டு மூணு மாசமாச்சு, பக்கத்து ரூம்லதானே இருக்கேன்? ஒரு வார்த்தை சொல்ல மாட்டீங்களா? நான் வீட்டுக்கு வெள்ளை அடிக்கத்தான் லீவு கேட்டேன். ரெண்டு மாசம் கழிச்சு அடிச்சா செவுரு ஓடியா போயிடும்? போங்க, நீங்களே போயிட்டு வாங்க!"

மூச்சு சார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நன்றி சொல்ல வேண்டிய நேரம். ஆனால் புத்தகப் புத்தி லேசில் விடுமா? முன்னால் குனிந்து, அவள் மூச்சு விடுகிறாளா என்று உற்றுப் பார்த்தார்.