கொதிக்க வைத்த மோர்

என் கணவரின் இரத்தத்தில் கொலஸ்டரோல் கூடிப் போயிருக்கிறது என்று தெரிந்த நாளிலிருந்து எனக்குப் பயத்தைத் தவிர வேறு வேலை இல்லை. எண்பதுகளின் நடுப்பகுதி அது. லிந்துலைப் பக்கத்துத் தோட்டமொன்றின் பள்ளிக்கூடத்தில் நான் ஆசிரியை. அவர் ஸ்டோர் என்று நாங்கள் சொல்லும் தேயிலைத் தொழிற்சாலையில் தூள் தயாரிப்பைக் கவனிக்கும் டீமேக்கர். ஒரு நாள் கொழுந்து வாட்டும் மாடிக்கு ஏறும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டார். அதற்கு இரண்டு வருடம் முன்பு அவருடைய அண்ணனும் இப்படித்தான் உட்கார்ந்தார். எழுந்திருக்கவே இல்லை.

நுவரெலியா டவுனில் ஒரு டாக்டரிடம் காட்டினோம். மாத்திரை எழுதினார். தேங்காய்ப்பால், முட்டை, பொரியல் எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னார். நான் விடாமல், "வேற என்ன குடுக்கலாம் டாக்டர்?" என்று நச்சரித்தேன்.

"தயிர் குடுத்துப் பாருங்க டீச்சர். ஆடை எடுத்த பால்ல ஒறை ஊத்துங்க. தயிர்ல இருக்கிற நல்ல கிருமிங்க குடலுக்குள்ள போயி கொழுப்பைக் கொஞ்சம் கொறைக்கலாம்னு சொல்றாங்க. இன்னும் நிச்சயமாத் தெரியல. ஆனா கெடுதல் இல்ல."

'நிச்சயமாத் தெரியல' என்றது என் காதில் ஏறவில்லை. மாதா படத்துக்கு முன்னால் மெழுகுதிரி ஏற்றி வைத்துவிட்டு, அன்றைக்கே பாலை வாங்கிக் காய்ச்சினேன். எங்கள் குளிரில் தயிர் இலேசில் உறையாது. சட்டியைச் சாக்கில் சுற்றி அடுப்போரம் வைத்து, பிள்ளையைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டேன்.

தயிர் உறைந்ததும் அடுத்த பயம் பிடித்துக்கொண்டது. வெளியே ஓயாத மழை, பனிமூட்டம். அந்தக் குளிரில் நெஞ்சு நோயாளிக்குப் பச்சைத் தயிர் கொடுத்தால் சளி கட்டிவிடாதா? எங்கள் பக்கத்தில் யாருமே கொடுக்கமாட்டார்கள். ஆகவே தயிரை மோராக்கி, மிளகு, பூண்டு, மஞ்சள் போட்டு, நன்றாகக் கொதிக்க வைத்து, ஆவி பறக்க நீட்டினேன். அவர் வாங்கிக் குடித்தார். மூன்று மாதம், காலையும் மாலையும். அவர் ஸ்டோருக்குப் போன பிறகு பாதையில் யாராவது அவசரமாக நடந்து வந்தால் போதும், கெட்ட சேதியோ என்று வாசலுக்கு ஓடுவேன்.

மறுபடியும் இரத்தம் சோதித்தார்கள். டாக்டர் தாளைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். கொஞ்சம்தான் குறைந்திருந்தது.

"தயிர் குடுக்கிறீங்களா?"

"ஒரு நாள் தவறல டாக்டர். நல்லாக் கொதிக்க வச்சுத்தான் குடுக்கிறேன்."

பேனாவைக் கீழே வைத்தார். "கொதிக்க வச்சா அந்தக் கிருமிங்க செத்துப் போயிருமே டீச்சர்!"

பிள்ளைகளுக்குச் சுகாதாரப் பாடம் நடத்துகிறவள் நான். தண்ணீரைக் கொதிக்க வைத்தால் கிருமி சாகும் என்று கரும்பலகையில் எழுதிப் போட்டவள். மூன்று மாதத்தை வீணாக்கி இந்த மனுசனைச் சாகக் கொடுக்கப் பார்த்தேனே என்று என் மேலேயே ஆத்திரம் வந்தது. அந்தக் கிருமிகள் உயிரோடு இருந்திருந்தாலும் கொழுப்பை எவ்வளவு குறைத்திருக்கும் என்று சொல்ல முடியாது, மாத்திரையை மட்டும் விடவேண்டாம் என்று டாக்டர் தேற்றினார். எனக்குத் தேறவில்லை.

வீட்டுக்கு வந்து ஒரு கோப்பையில் பச்சைத் தயிரை ஊற்றினேன். கொடுத்தால் சளி, கொடுக்காவிட்டால் கொழுப்பு. கோப்பையை நீட்டவும் முடியாமல் வைக்கவும் முடியாமல் நின்றேன். அவரே வாங்கி, கடைசிச் சொட்டு வரை குடித்தார்.

"இது நல்லாருக்கு. அந்தக் கொதிச்ச மோரை மூணு மாசமா பயத்துலதான் குடிச்சேன்."

"பிடிக்கலன்னு சொல்லியிருக்கலாமே. என்னங்க பயம்?"

"வேணாம்னு சொன்னா நீ அழுதுருவியேன்னுதான்."

அவர் சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டேன்.